நல்லது செய்யப் போன மீன்

போன மாதம் எங்கள் தாமானில் நாலு வீட்டில் டிங்கிக் காய்ச்சல். அதில் ஒருவன் நம் மன்றத்துப் பையன். ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தான். தட்டணுக்கள் குறைந்துகொண்டே போக, அவன் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து அழுததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவன் வீடு திரும்பிய வாரமே கோத்தோங் ரோயோங் வைத்துவிட்டோம்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. மழை பெய்தால் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் ஒரு சிறு ஓடையாகப் பின்பக்கக் காட்டுக்குள் போய்விடும். நாங்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பையனுடைய அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே நூற்றுக்கணக்கில் குட்டி மீன்கள். சொந்தக் காசில் அறுபது வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறான்.

"கொசுப் புழுவ எல்லாம் தின்னுடும்ணே. குட்டையில ஊத்திட்டா ஆறு மாசத்துல ஓடை முழுக்க இதுதான். ஒரு கொசு இருக்காது."

அவன் முகத்தைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. ஆனால் கூட்டிக்கொண்டிருந்த ஐந்தாம் படிவத்துத் தங்கச்சி ஒருத்தி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தக் குட்டையில தலைப்பிரட்டை நெறைய இருக்குண்ணா. அதுங்க என்னாகும்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. "தவளைக்குப் பாவம் பாத்தா மனுசனுக்கு யாரு பாப்பா?" என்று ஒருவன் கேட்டான். பேச்சு கொஞ்சம் சூடாகிவிட்டது. மீனை ஒரு வாளியில் ஊற்றி வையுங்கள், அடுத்த வாரம் முடிவு செய்யலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வாரம் நான் படித்ததையும், படித்த பிறகு தூக்கம் வராமல் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

'கொசு மீன்' என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது காம்பூசியா என்கிற மீன். நம் லோங்கானில் ஓடும் கப்பிக்குத் தூரத்துச் சொந்தம். விரல் நீளம்கூட இருக்காது. ஆண் இன்னும் சின்னது. வாய் மேல்பக்கமாகத் திரும்பியிருப்பதால் தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் புழுக்களைப் பொறுக்கித் தின்ன வசதி. இந்தக் குடும்பத்து மீன்கள் முட்டையிடாது, குட்டி போடும். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, தடவைக்குப் பத்து இருபதிலிருந்து நூறு வரைகூடப் போடும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு முறை ஆணோடு சேர்ந்த பெண் மீன், அந்த வித்தை உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதாவது, ஒரே ஒரு பெண் மீன் ஒரு குளத்தில் தவறி விழுந்தால் போதும், அந்தக் குளம் அதனுடையதாகிவிடும்.

1854-ல் கியூபாவைச் சேர்ந்த பெலிப்பே போய் என்ற அறிஞர்தான் இந்த இனத்துக்குப் பேர் வைத்தார். கியூபா வழக்கில் 'காம்பூசினோ' என்றால் ஒன்றுமில்லாதது என்று அர்த்தமாம். தூண்டில் போட்டு ஒன்றும் சிக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறவனைப் பார்த்து, காம்பூசினோ பிடிக்கப் போனான் என்று கேலி செய்வார்களாம். 'ஒன்றுமில்லாதது' என்று பேர் வாங்கிய மீன், அடுத்த நூறு வருடத்தில் அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. தானாகப் போகவில்லை. மனிதன் தூக்கிக்கொண்டு போனான்.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்று தெரிந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த நேரம் அது. கொசுப் புழுவைத் தின்னும் மீன் என்றால் வானத்திலிருந்து வந்த வரம் மாதிரி. 1905-ல் டெக்சாஸிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். 1921-ல் ஸ்பெயின், அடுத்த வருடம் இத்தாலி, 1925-ல் ஆஸ்திரேலியா. 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கும் வந்தது. கருங்கடல் கரையில், சோச்சி நகரை ஒட்டிய அட்லர் என்ற ஊரில் இந்த மீனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அந்தச் சதுப்பு நிலத்தில் மலேரியாவால் செத்துக்கொண்டிருந்த ஜனங்கள் பிழைத்ததில் இதற்குப் பங்கு உண்டு என்று நன்றியோடு வைத்த சிலை.

அதே மீனை ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'கொள்ளைநோய் மீன்' என்கிறார்கள். 1999-ல் அது மற்ற உயிர்களுக்கு இழைக்கும் கேட்டை ஒரு பெரிய அபாயமாக அந்த மாநிலம் சட்டப்படி அறிவித்தது. காரணம், இது கொசுப் புழுவை மட்டும் தின்னும் மீன் இல்லை. கிடைப்பதையெல்லாம் தின்னும். மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தலைப்பிரட்டை எதையும் விடாது. தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பையும் வாலையும் கொத்திக் கொத்திப் புண்ணாக்கும். பொன் புள்ளி போட்ட ஓர் அழகான பச்சைத் தவளை அங்கே பல குளங்களில் காணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். உலகத்தின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலும் இதன் பேர் இருக்கிறது.

இதில் வேடிக்கையும் ஒன்று உண்டு. கொசுவை ஒழிப்பதிலும் இது சொன்ன அளவுக்குச் சாதிக்கவில்லை. பல இடங்களில் அந்த ஊர் மீன்களே அதே அளவு கொசுப் புழுவைத் தின்றுகொண்டுதான் இருந்தன. அவற்றை விரட்டிவிட்டு அந்த வேலையை இது எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரே மீன். ஓர் ஊரில் சிலை, இன்னோர் ஊரில் சட்டம் போட்டு ஒழிப்பு. எது சரி?

இங்கே நான் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் தோட்டத்தில் முதுகில் தகரத் தொட்டியைக் கட்டிக்கொண்டு கால்வாய் கால்வாயாக எண்ணெய் அடித்தவர். கொசுப் புழு மூச்சு விட மேலே வர முடியாதபடி தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் போடுகிற வேலை. அவருடன் பிறந்தவர்கள் ஏழு பேர், பிழைத்தவர்கள் மூன்று பேர். "காச்சல்ல போச்சு" என்பதற்கு மேல் பாட்டி எதுவும் சொன்னதில்லை. இந்த நாட்டில் ரப்பர் வந்த காலத்தில் மலைத் தோட்டங்களில் நம் ஆட்கள் மலேரியாவில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது லயத்துக்குப் பின்னாலிருந்த இடுகாடுகளுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்து மருத்துவர் ஒருவரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. மால்கம் வாட்சன். 1901-ல் கிள்ளானுக்கு வந்தார். அப்போதுதான் திறந்த துறைமுகத்தை, காய்ச்சல் காரணமாக மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலைமை. அவர் சதுப்பை வடியவைத்து, காட்டை வெட்டி வெளிச்சம் வர வைத்தார். காய்ச்சல் இறங்கியது. ஏனென்றால் அந்தச் சமவெளிக் கொசு நிழலில் தேங்கிய தண்ணீரில் வளர்கிற ஜாதி. சரி, இதே வைத்தியத்தை மலைப்பக்கம் செய்தால்? அங்கே காட்டை வெட்டியதும் காய்ச்சல் ஏறியது. மலைப்பக்கக் கொசு வேறு ஜாதி. வெயில் படுகிற, சுத்தமாக ஓடுகிற ஓடைதான் அதற்கு வேண்டும். காட்டை வெட்டி அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கீழே உயிரைக் காப்பாற்றிய அதே கோடாரி, மேலே உயிரை எடுத்தது. அந்த உயிர்களில் பெரும்பாலும் நம் ஆட்களுடையவை. வாட்சன் இதைக் கவனித்து, எந்தக் கொசு, எந்த இடம் என்று பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று முறையையே மாற்றினார்.

ஆகவே நான் 1905-ல் மீனைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறியவர்களைத் திட்டத் தயாராக இல்லை. என் தாத்தாவின் தோட்டத்துக்கு யாராவது ஒரு வாளி மீன் கொண்டுவந்து, இதை ஊற்றினால் உன் தம்பி சாகமாட்டான் என்று சொல்லியிருந்தால், தவளையைப் பற்றி யோசித்திருப்பேன் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். காலில் விழுந்து வாங்கியிருப்பேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தெரியாமல் செய்வது ஒன்று. தெரிந்துகொள்ளாமல் செய்வது வேறொன்று. முதல் தடவை கொண்டுபோனவனுக்குத் தெரிய வழியில்லை. பத்தாவது ஊருக்குக் கொண்டுபோனவன் முதல் ஒன்பது ஊரில் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம். இன்றைக்குக் கையில் போன் வைத்திருக்கிற நமக்கு, 'தெரியாது' என்கிற சலுகை ரொம்பவே குறைவு. நம்மில் பலர் 'நல்ல எண்ணத்தில் செய்தேன்' என்பதை ஒரு விபூதி மாதிரி பூசிக்கொள்கிறோம். பூசிய பிறகு யாரும் கேள்வி கேட்கக்கூடாது. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் தானத்தைப் பற்றி வருகிற இடத்தை எடுத்துப் பாருங்கள். கொடுக்கிற மனசு மட்டும் அங்கே பேசப்படவில்லை. இடம், காலம், பெறுகிறவரின் தகுதி மூன்றும் சேர்த்துத்தான் பேசப்படுகிறது. தவறான இடத்தில், தவறான நேரத்தில் கொடுத்தது மிகக் கீழான வகையில் வைக்கப்படுகிறது. அப்படியென்றால் எண்ணம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, விசாரிக்கவும் வேண்டும். விசாரிப்பதும் அந்தத் தர்மத்திலேயே அடக்கம். அதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், வறண்ட நிலத்தின் நடுவே, எட்ஜ்பாஸ்டன் என்ற இடத்தில் சின்னச் சின்ன ஊற்றுகள் இருக்கின்றன. சிலவற்றின் ஆழம் சில சென்டிமீட்டர்தான். அந்த ஊற்றுகளில் மட்டுமே வாழ்கிற ஒரு மீன், சிவப்புத் துடுப்பும் நீலக் கண்ணும் கொண்டது. 1990 வாக்கில்தான் அப்படி ஒன்று இருப்பதே வெளியுலகத்துக்குத் தெரிந்தது. வெள்ளம் வரும்போது காம்பூசியா ஊற்று விட்டு ஊற்று தாவுகிறது. அது புகுந்த ஊற்றில் நீலக்கண் மீன் மறைகிறது. கடைசியில் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கி, சில ஊற்றுகளில் மருந்து போட்டு காம்பூசியாவைக் கொன்று, நீலக்கண் மீனைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்து போட்டு என்று எழுதிவிட்டேன். விஷம் என்பதுதான் சரியான வார்த்தை.

இது ஹிம்சையா இல்லையா? மன்றத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி, "கெட்ட மீன்தானேண்ணே, அதைக் கொன்னா பாவமில்ல" என்றான். இன்னொருவன் சுத்த சைவம். "எதையும் கொல்ல வேணாம், இயற்கை பாத்துக்கும்" என்றான். இரண்டையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கெட்ட மீன் என்று ஒன்று கிடையாது. காம்பூசியா டெக்சாஸ் குட்டையில் என்ன செய்ததோ அதையேதான் குவீன்ஸ்லாந்து ஊற்றிலும் செய்கிறது. தின்கிறது, குட்டி போடுகிறது. அதன் சுபாவம் மாறவில்லை. நாம் அதன் இடத்தை மாற்றினோம். பழியை அதன் தலையில் போட்டு, 'கொள்ளைநோய்' என்று பேரும் வைத்துவிட்டால் நம் கை சுத்தமாகிவிடாது. அதேபோல, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விடுவதும் சரியில்லை. இயற்கையா அந்த மீனைக் கப்பலில் ஏற்றியது? நாம் உடைத்த பானையை, 'தானாக ஒட்டிக்கொள்ளும்' என்று பார்த்துக்கொண்டிருப்பது அஹிம்சை ஆகாது. சும்மா இருந்தால் நீலக்கண் மீன் போய்விடும். அதுவும் ஒரு சாவுதான். நம் கை படாத சாவு என்பதால் கணக்கில் வராமல் போய்விடுமா?

என் முடிவு இது. ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த இதழுக்கு எழுதலாம். அந்த ஊற்றில் விஷம் போடுகிறவர்கள் செய்வது ஹிம்சைதான். அதை வேறு பேர் சொல்லி அழைக்கக்கூடாது. ஆனால் நான் அங்கே இருந்தால் நானும் அதைச் செய்வேன். தாத்தா வாங்கிய கடனைப் பேரன் அடைக்கிற மாதிரி. அடைக்கும்போது சந்தோஷமாகவோ பெருமையாகவோ இருக்க ஒன்றுமில்லை.

காம்பூசியா இனத்திலேயே இன்னும் இரண்டு கதை இருக்கிறது. இவற்றைப் படித்த இரவுதான் எனக்குத் தூக்கம் போனது. காம்பூசியாவில் பல வகை உண்டு. எல்லாம் உலகம் சுற்றவில்லை. சில, ஒரே ஒரு ஊற்றில் பிறந்து அங்கேயே வாழ்பவை. டெக்சாஸில் பிக் பெண்ட் என்ற தேசியப் பூங்காவில் அப்படி ஒரு வகை. ஓர் ஊற்று வறண்டுபோனது. இன்னோர் இடத்தில் கொசு மீன் வந்து சேர்ந்தது. 1950களின் நடுவில் எண்ணிப் பார்த்தால், மிச்சம் மூன்று மீன். இரண்டு ஆண், ஒரு பெண். இன்று உயிரோடு இருக்கிற அந்த வகை மீன் அத்தனையும் அந்த மூன்றின் சந்ததி. உலகத்தை ஆக்கிரமித்த மீனுக்கு எந்தக் குணம் பலமோ, அதே குணம்தான் இதைக் காப்பாற்றியது. ஒரு பெண் மீன் போதும்.

இன்னொரு வகைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவும் மெக்சிகோவும் சேர்ந்து எல்லை ஆற்றில் ஓர் அணை கட்டின. பேர் அமிஸ்டாட். ஸ்பானிய மொழியில் நட்பு என்று அர்த்தம். அந்த வகை வாழ்ந்த ஒரே ஊற்று 1968-ல் அணைத் தண்ணீருக்குள் மூழ்கியது. 1973-ல்தான் அதற்குப் பேரே வைத்தார்கள், அந்த நட்பின் பேரையே. அதற்குள் வீடு போயாச்சு. தொட்டியில் வளர்த்துப் பார்த்தார்கள். அங்கேயும் எப்படியோ கொசு மீன் புகுந்துவிட்டது. 1987-ல் அழிந்த இனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சொந்தக்காரனாலேயே போன வீடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, வெளியிலேர்ந்து வந்தது, இங்க உள்ளதைத் தின்னுச்சு, பெருகிப்போச்சுன்னு சொல்றீங்க. ஸ்கூல்ல சில பேர் நம்மள 'பெண்டாத்தாங்'னு சொல்றப்பவும் இப்படித்தானே பேசுறாங்க?"

உண்மையைச் சொன்னால் எனக்கு அடிவயிறு ஜில்லென்று ஆனது. ஒரு வாரம் முழுக்கப் படித்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

என்னால் அப்போது முடிந்த பதிலைச் சொன்னேன். மீனும் நம் தாத்தாவும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான் தம்பி. இரண்டு பேரையும் வேறொருவர் தன் வேலைக்காகக் கப்பலில் ஏற்றினார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில். அதற்கு மேல் ஒற்றுமை கிடையாது. மீனால் பக்கத்து மீனிடம் பேச முடியாது. ஒப்பந்தம் போட முடியாது, ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள முடியாது, கொஞ்சம் குறைத்துத் தின்கிறேன் என்று முடிவெடுக்க முடியாது. மனிதனால் இதெல்லாம் முடியும், செய்தும் இருக்கிறோம். காட்டையும் குளத்தையும் பற்றிப் பேசுவதற்கு உண்டான வார்த்தையை எடுத்து மனிதர் மேல் போடுகிறவன், அறிவியல் பேசவில்லை. அதை யார் நம் மேல் போட்டாலும் மறுத்துப் பேசு. நாம் பங்களாதேஷ்காரரைப் பற்றியும் மியன்மார்காரரைப் பற்றியும் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசும்போதும் அதே மறுப்பை ஞாபகம் வைத்துக்கொள். கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்தான். எங்கள் தாமானில் டிங்கி வந்தபோது, பக்கத்துக் கட்டுமான இடத்து ஆட்களைத்தான் முதலில் பழி சொன்னோம். நானும் சொன்னேன்.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். குட்டையில் ஊற்றவில்லை. ஒரு சாதாரண காரணம் போதுமானதாக இருந்தது. டிங்கி பரப்புகிற ஏடிஸ் கொசு பெரும்பாலும் ஓடையிலும் குட்டையிலும் வளர்வதில்லை. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத வாளி, கூரைத் தகரத்தில் தேங்குகிற தண்ணீர், இப்படி வீட்டை ஒட்டிய சின்னச் சின்னத் தேக்கம்தான் அதற்கு வசதி. நாங்கள் தேடியபோது புழு இருந்தது எங்கே தெரியுமா? மண்டபத்து வாசலில், அகல் விளக்குகளைக் கழுவிக் கவிழ்க்காமல் அடுக்கி வைத்திருந்த தட்டுகளில். அதைக் கழுவி வைக்கும் முறை யாருடையது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் எனக்குச் சோறு கிடைக்காது.

வாளி மீனைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மண்டபத்துக்குப் பக்கத்தில் வெளியே போக வழியில்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதில் விட்டோம், மேலே வலை போட்டோம். அறுபது வெள்ளியை மன்றத்துக் கணக்கிலிருந்து கொடுத்தபோது அந்த அண்ணன்காரன் வாங்க மறுத்துவிட்டான். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். தலைப்பிரட்டையைப் பற்றிக் கேட்ட தங்கச்சியும் கூட வந்து பார்க்கிறாள்.

நேற்று அவளிடமிருந்து ஒரு வாட்சப். தொட்டியில் குட்டி போட்டிருக்கிறதாம். எண்ண முயற்சி செய்து எழுபதோடு விட்டுவிட்டாளாம். அடுத்த மாதம் இன்னும் ஒரு எழுபது வரும். தொட்டி அவ்வளவு பெரியதில்லை. என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் போடவில்லை.